ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகம் ஏன் காதில் உடைகிறது? மெய்ப்புப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பார்வையற்ற வாசகர்களுக்காக ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகங்களைச் சென்னையில் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கான பக்கம் இது. வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், சனி ஞாயிறு மட்டும் உட்கார முடிகிற ஐ.டி. ஊழியர்கள், கல்லூரி மாணவிகள் என்று பலரும் இந்த வேலையில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வரும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான்: "எழுத்துப் பிழையெல்லாம் திருத்திவிட்டேன், ஆனாலும் ஃபைல் சரியில்லை என்கிறார்களே?" எழுத்துப் பிழை இதில் சின்னப் பங்கு. படம் எழுத்தாக மாறும்போதும், அந்த எழுத்து வேர்ட், டெய்சி (பேசும் புத்தக வடிவம்), பிரெயில் என்று மாறிக்கொண்டே போகும்போதும் உண்டாகும் உடைசல்தான் பெரும் பங்கு.

வேர்டில் திறந்தால் பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. பிறகு எதைத் திருத்துவது?

கண்ணுக்கு அழகாக இருப்பதுதான் பல நேரம் சிக்கலே. படத்தை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆர் மென்பொருளுக்கு அச்சுப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் காட்ட ஆசை. அதற்காக ஒவ்வொரு பத்தியையும் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் போட்டு, இருந்த இடத்திலேயே ஒட்டிவைத்துவிடும். பார்க்கிறவருக்குக் குறையே தெரியாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் போய்விடும், இல்லையென்றால் மூன்றாவது பெட்டியை முதலில் படிக்கும். ஆகவே ஓ.சி.ஆர் எடுக்கும்போதே பக்க அமைப்பு வேண்டாம், ஓடும் உரை போதும் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, தலைப்பை அகட்டி அச்சிடும் பழக்கம். "மு ன் னு ரை" என்று இடம்விட்டு அடித்திருந்தால் கண் அதை ஒரே சொல்லாகச் சேர்த்துக்கொள்ளும். கேட்பவருக்கு "மு", "ன்", "னு", "ரை" என்று நான்கு உதிரி எழுத்துகள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்த தலைப்பும் இதே ரகம்தான்.

வேலை தொடங்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். வேர்டில் பத்திக்குறி, இடைவெளிக்குறி எல்லாம் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். என்.வி.டி.ஏ என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவிக்கொள்ளுங்கள். அது இலவசம், அதோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழும் பேசும். அந்தக் குரல் கரகரப்பாக இருக்கிறது என்று தோன்றினால் விண்டோஸில் தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் அதற்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறது. வள்ளுவரை வைத்து எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதில் ஒரு தனி திருப்தி உண்டு.

எதை முதலில் செய்வது?

முதலில் எழுத்துகள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்தது வரி சேர்ப்பது. அப்புறம் தலைப்பு, பக்க எண், அடிக்குறிப்பு. எழுத்துப் பிழை கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றினால் திருத்தியதையே மறுபடி திருத்த வேண்டியிருக்கும். ஒன்று முதல் முந்நூறு பக்கம் வரை எழுத்துப் பிழை பார்த்த பிறகு, வரிகளைச் சேர்க்கும்போது பாதிச் சொற்கள் உடைந்து போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

பி.டி.எஃப்-இலிருந்து காப்பி செய்தால் "ெசன்ைன" என்று வருகிறதே?

பி.டி.எஃப் எழுத்துகளைக் கண் பார்க்கும் வரிசையில் வைத்திருக்கிறது. "செ" என்று அச்சிடும்போது ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது, ச பின்னால் வருகிறது. யூனிகோடுக்கு வேண்டியது ஒலிக்கும் வரிசை: முதலில் ச, பிறகு கொம்பு. காப்பி எடுக்கும்போது கண் வரிசை அப்படியே வந்து விழுவதால் "சென்னை" என்பது "ெசன்ைன" ஆகிறது. ஒ, ஓ ஓசை வரும் எழுத்துகளில் இன்னும் மோசம். கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து என்று மூன்று துண்டாகிவிடும்.

கண்ணால் படிப்பவர் இதை எப்படியோ ஊகித்துவிடுவார். ஸ்கிரீன் ரீடர் உளறும். பிரெயிலில் போனால் இன்னும் கெடும். 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த பாரதி பிரெயில், மெய்க்குப் பின்னால் உயிர் என்ற ஒலி வரிசையில்தான் ஓடுகிறது. வரிசை மாறிய கொம்பு அங்கே முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு சொல்லாகிவிடும்.

இதைக் கையால் திருத்த உட்காராதீர்கள். பக்கங்களைப் படமாக மாற்றி ஓ.சி.ஆர் எடுப்பதுதான் சுருக்கு வழி. கூகுள் டாக்ஸில் திறந்தாலும் சரி, டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர் மென்பொருளைப் போட்டாலும் சரி, தமிழ் வரும்.

காப்பி செய்தால் தமிழே வரவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது.

பழைய எழுத்துருவில் தட்டிய புத்தகம். யூனிகோட் பரவும் முன்னால் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியீடு இருந்தது. பல டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) நிலையங்கள் இன்றும் அதிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சகத்துக் கம்ப்யூட்டருக்கு அந்த அரசாணை போய்ச் சேர நாளாகும் போலிருக்கிறது.

எந்த எழுத்துரு என்பதை பி.டி.எஃப்-இன் பண்புகளில் பார்த்துக்கொண்டு, அதற்குரிய எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோட் கிடைத்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் எழுத்தை உட்காரவைத்தவை. ஆகவே புத்தகத்தில் உண்மையாகவே இருந்த ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிவிடும். மாற்றி முடித்ததும் பொருளே இல்லாத ஒரு தமிழ்ச் சொல் தென்பட்டால், அச்சுப் பக்கத்தில் அங்கே ஆங்கிலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேமித்துத் திறந்தால் எல்லாம் கேள்விக்குறி!

அன்சி என்ற பழைய குறியீட்டில் சேமித்திருக்கிறீர்கள். அந்தக் குறியீட்டில் தமிழுக்கு இடமே இல்லை என்பதால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கேள்விக்குறி ஆகிவிட்டது. இதை மீட்க வழியில்லை, முந்தைய பிரதியைத்தான் எடுக்க வேண்டும். வெறும் உரையாகச் சேமித்தால் யூனிகோட் வகையான யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். ஆர்.டி.எஃப் வடிவத்தில் கேட்டால் வேர்டிலிருந்தே எடுங்கள். இடையில் வேறு சின்ன எடிட்டர் எதிலும் திறந்து சேமிக்காதீர்கள்.

ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் விழுந்திருக்கிறது. ஒரே ரீப்ளேஸில் சேர்த்துவிடலாமா?

கூடாது. இந்த வேலையில் அதிகம் கெட்டுப்போகும் இடம் இது.

அச்சு வரி முடிந்த இடத்திலெல்லாம் பத்தி முடிந்ததாகக் கிடந்தால், கேட்பவருக்கு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தம் விழுகிறது. ஒரு வரிக்கு 40 கட்டம் கொள்கிற பிரெயில் தாளில் பாதி வரி வெறுமையாக ஓடிப் புத்தகம் பருத்துவிடும். ஆக, சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் இடம் விட்டுச் சேர்ப்பதா, விடாமல் சேர்ப்பதா? ஆங்கிலப் புத்தகத்தில் வரிக்கடைசியில் உடைந்த சொல்லுக்கு ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள். தமிழில் பல பதிப்பகங்கள் கோடு போடுவதில்லை, சொல்லை அப்படியே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார்கள். "நின்றுகொண்" என்று ஒரு வரி முடியும், "டிருந்தாள்" என்று அடுத்தது தொடங்கும். எல்லா இடத்திலும் இடம் விட்டுச் சேர்த்தால் "நின்றுகொண் டிருந்தாள்". எங்கும் விடாமல் சேர்த்தால் "வந்தான்அங்கே".

இதற்குக் கைகொடுப்பது பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம்தான். மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று அப்போது மனப்பாடம் செய்தது வீண் போகவில்லை. ண, ழ, ள, ற, ன இந்த ஐந்தும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. அடுத்த வரி "னான்" என்றோ "ளுக்கு" என்றோ தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிவிடலாம். ட-வில் தொடங்கினால் டாக்டர், டிக்கெட் மாதிரி கடன் சொல்லா என்று மட்டும் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கினாலும் பெரும்பாலும் உடைந்த சொல்தான். வரி முடிவைப் பார்த்தால், கடன் சொல்லைத் தவிர, ங் என்று எந்தச் சொல்லும் முடியாது. ற் என்று முடிந்தாலும் ஒட்ட வேண்டியதுதான், ட் என்று முடிந்தால் டிக்கெட் மாதிரி கடன் சொல்லா என்று மட்டும் பார்த்து ஒட்டுங்கள். "காற்" என்றால் அடுத்து "று" வந்தே தீரும்.

தொல்லை தருபவை க், ச், த், ப் நான்கும். "அவனைக்" என்று வரி முடிந்து "கண்டான்" என்று தொடங்கினால் இடம் வேண்டும். "வீட்டுக்" என்று முடிந்து "குப் போனான்" என்று தொடங்கினால் இடம் கூடாது. இதைத் தானாகத் திருத்தும் எந்த மேக்ரோவிடமும் விட முடியாது, பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். உண்மையான பத்தி முடிவுகளில் முதலில் @@ என்று ஒரு அடையாளம் வையுங்கள். தமிழ் அச்சில் பத்திகளுக்கு நடுவே பெரும்பாலும் வெற்று வரி இருப்பதில்லை, முதல் வரி உள்ளே தள்ளியிருப்பதுதான் அடையாளம். ஆகவே இதற்கும் அச்சுப் பக்கத்தைப் பார்க்கத்தான் வேண்டும். பிறகு மேலே சொன்ன உறுதியான இடங்களில் மட்டும் இடமில்லாமல் சேருங்கள். மிச்சமுள்ள பத்திக்குறிகளை ஒவ்வொன்றாக, ரீப்ளேஸ் ஆல் அமுக்காமல், பார்த்துச் சேருங்கள். கடைசியில் @@ இருக்கும் இடமெல்லாம் பத்திக்குறி.

கோடு போட்டு உடைத்த பழைய புத்தகங்களில் "1950-ஆம்" போன்றவற்றின் நியாயமான கோட்டைத் தவறி எடுத்துவிடாதீர்கள்.

"காரணம்" என்பதை "கரரணம்" என்று படிக்கிறது. திரையில் பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது?

திரையில் சரியாகத் தெரியாது, உங்கள் கண் சரியாக்கிக்கொள்கிறது. ர என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் அடியில் ஒரு சின்னச் சாய்வுதான் வித்தியாசம். மங்கிய தாளில் அந்தச் சாய்வு ஸ்கேனில் மறைந்துவிடும், இல்லையென்றால் இல்லாத இடத்தில் முளைத்துவிடும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்தை அடுத்துக் கர்சரை வைத்து ஆல்ட்டோடு எக்ஸ் தட்டுங்கள். வேர்ட் அதன் யூனிகோட் எண்ணைக் காட்டும், மறுபடி தட்டினால் எழுத்து திரும்பிவிடும்.

புள்ளியும் இப்படித்தான். தாளில் இருந்த அழுக்குப் பொட்டு மெய்யெழுத்தாகும், உண்மையான புள்ளி காணாமல் போகும். "கல்" "கல" ஆவதைக் காது உடனே பிடித்துவிடும், கண் விட்டுவிடும்.

மூன்று வகை வரிசைகள் தமிழில் வரவே முடியாது. இடைவெளிக்குப் பின்னால் நேரடியாக ஒரு கொம்போ காலோ, அடுத்தடுத்து இரண்டு உயிர்க்குறிகள், புள்ளிக்குப் பின்னால் உயிர்க்குறி. இவற்றை மட்டும் தேடினாலே உடைந்த இடங்கள் ஏராளமாக அகப்படும். பல எழுத்துருக்களில் அங்கே ஒரு புள்ளி வட்டமும் தெரியும்.

நான்காவதாக ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சொல் வல்லின ஒற்றில் முடிந்தால் அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்க வேண்டும். "அதைக்" என்றால் அடுத்தது க. "அதைக் சண்டான்" என்று வந்தால், அகராதியைப் பார்க்காமலே அங்கே பிழை என்று சொல்லிவிடலாம். சந்தி என்றாலே ஓடுகிறவர்கள்கூட இதற்காக அதைக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

"ஒளவையார்", "கெளரவம்" இதையெல்லாம் ரீப்ளேஸ் ஆல் போட்டு மாற்றலாமா?

ஔ என்பது ஒற்றை எழுத்து. ஒ, ள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டினாலும் கண்ணுக்கு அதே மாதிரிதான் இருக்கும். ஓ.சி.ஆரும் அப்படித்தான் தருகிறது, தட்டச்சு செய்கிறவர்களும் அப்படித்தான் தட்டுகிறார்கள். ஸ்கிரீன் ரீடர் மட்டும் "ஒள-வையார்" என்று நேர்மையாகப் படிக்கும். "கெளரவம்" என்பதிலும் கொம்புக்குப் பின்னால் நிற்பது ள என்ற எழுத்து. "பெளர்ணமி"யும் அதே கதை.

ஆனால் கொம்பு, ள இரண்டையும் சேர்த்து ஔகாரக் குறியாக மாற்று என்று புத்தகம் முழுவதற்கும் கட்டளை கொடுத்தால் என்ன ஆகும்? "தெளிவு" "தௌிவு" ஆகும். "வெள்ளம்" "வௌ்ளம்" ஆகும். "ஒள" எல்லாவற்றையும் மாற்றினால் "ஒளி" அணைந்துவிடும். கெளுத்தி மீனும் தப்பாது. ஆகவே முழுச் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்: ஔவை, ஔரங்கசீப், கௌரவம், கௌதமர், பௌத்தம், மௌனம், சௌகரியம். இப்படி வரும் சொற்கள் தமிழில் அதிகம் இல்லை, ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் எல்லாப் புத்தகத்துக்கும் உதவும்.

பழைய புத்தகத்தில் னை, லை, றா எல்லாம் தாறுமாறாக வருகிறது.

1978-க்கு முன் அச்சான புத்தகமாக இருக்கும். அந்த ஆண்டு அரசாணைக்குப் பிறகுதான் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய வடிவத்தை விட்டன, ணா, றா, னா ஆகியவை துணைக்கால் பெற்றன. புது வடிவங்களில் பயிற்சி பெற்ற ஓ.சி.ஆர் பழைய தும்பிக்கையைப் பார்த்தால் திணறும். நல்ல செய்தி என்னவென்றால் ஒரே புத்தகத்தில் அது பெரும்பாலும் ஒரே மாதிரி திணறும். முதல் இருபது பக்கத்தைக் கவனமாகப் பார்த்து, எது எதுவாக வருகிறது என்று எழுதிவைத்துக்கொண்டால் மீதி வேலை லேசாகிவிடும்.

அந்தக் காலத்து ஆண்டுக்குறி "௵" பல நேரம் "ஸ்ரீ" என்று வந்து விழும். "1906-ம் ஸ்ரீ" என்று கண்டால் அது தெய்வத்திருநாமம் அல்ல, வருஷம். பல குரல்களுக்கு இந்தக் குறியைப் படிக்கத் தெரியாது என்பதால் எங்கள் வழக்கம் "வருஷம்" என்று விரித்து எழுதிவிடுவது.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வரும் புத்தகப் பெயரை எடுத்துவிடலாமா? பக்க எண்?

பெயரை எடுத்துவிடுங்கள். தாம்பரத்திலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் கேட்டுக்கொண்டே வரும் வாசகர் ஒருவர், "கதை நடுவில் ஆசிரியர் தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாரே, என்ன விஷயம்?" என்று கேட்டார். பக்கத்தலைப்பு வாக்கியத்தின் நடுவில் விழுந்தால் அப்படித்தான்.

பக்க எண்ணை எடுக்கவே கூடாது. வகுப்பில் "47-ஆம் பக்கம் பாருங்கள்" என்றால் பார்வையற்ற மாணவரும் அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் தனிப் பத்தியில் எண்ணை மட்டும் வையுங்கள். அச்சில் அடியில் இருந்தாலும் மேலே கொண்டுவந்துவிடுங்கள், புத்தகம் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். பக்கம் முடியும் இடத்தில் கன்ட்ரோலோடு என்டர். வேர்டில் டெய்சி ஆட்-இன் இருந்தால் பக்க எண்ணுக்கென்று தனி ஸ்டைல் கிடைக்கும். அதைப் போட்டால், வேண்டாம் என்கிற வாசகர் எண்களைத் தாண்டிவிடும் வசதி டெய்சியில் உண்டு.

தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக வைத்தால் போதாதா?

போதாது. ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற ஸ்டைல்களைப் போடுங்கள். அவை இருந்தால்தான் அத்தியாயத்திலிருந்து அத்தியாயத்துக்குத் தாவ முடியும். டெய்சியும் இ-பப் மின்னூலும் தங்கள் பொருளடக்கத்தை இதிலிருந்தே கட்டுகின்றன.

அடிக்குறிப்பு?

ஓ.சி.ஆரில் அது பக்கத்தின் கடைசி வரியோடு ஒட்டி, அடுத்த பக்கத்து வாக்கியத்துக்குக் குறுக்கே நிற்கும். பிரித்தெடுத்து, அந்தக் குறிப்பு எண் வரும் பத்தி முடிந்ததும் "அடிக்குறிப்பு 3:" என்று தொடங்கி வைத்து, "குறிப்பு முடிந்தது" என்று முடியுங்கள். எங்கே முடிகிறது என்று சொல்லாவிட்டால் கேட்பவருக்கு மூலமும் குறிப்பும் கலந்துவிடும்.

கவிதையிலும் வரிகளைச் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கவே வேண்டாம். குறள் வெண்பா என்றால் முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று. அந்த உடைப்பு யாப்பில் இருப்பது. அடிகளுக்கு நடுவே ஷிப்டோடு என்டர், பாடல் முடிந்ததும் வெறும் என்டர். பதவுரையில் சொல் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமுமாக இரண்டு நெடுவரிசையில் அடித்திருந்தால் ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருளோடு ஒரே வரியில் கொண்டுவாருங்கள்.

அட்டவணையும் "பொருத்துக" கேள்வியும் பைத்தியம் பிடிக்க வைக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி. கையேடுகளை ஏற்றுக்கொண்ட எல்லோரும் சொல்வது இது. சென்னையில் எங்களிடம் வரும் கோரிக்கைகளில் போட்டித் தேர்வுப் புத்தகங்கள்தான் அவசரமானவை. தேர்வுத் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

ஐந்திணை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் திணை, நிலம், தெய்வம் என்று மூன்று நெடுவரிசை. ஓ.சி.ஆர் அதை மேலிருந்து கீழாகப் படித்தால் "குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை மலை காடு வயல் கடல் மணல்" என்று ஒரே ஓட்டம். தெரிந்தவருக்குப் புரியும், தேர்வுக்குப் புதிதாகப் படிப்பவர் என்ன செய்வார்? வேர்டில் உண்மையான அட்டவணையாகப் போட்டு, முதல் வரியைத் தலைப்பு வரி என்று குறியுங்கள். சின்ன அட்டவணை என்றால் வாக்கியமாக எழுதுவதே நல்லது: "குறிஞ்சி. நிலம்: மலை. தெய்வம்: முருகன்." பிரெயிலில் 40 கட்டத்துக்குள் மூன்று நெடுவரிசை அடங்காது என்பதால் இந்த முறை அங்கேயும் கைகொடுக்கும். டேப் தட்டி அட்டவணை போல ஒப்பேற்றுவது மட்டும் வேண்டாம்.

"பொருத்துக" கேள்வியில் இரண்டு பட்டியல்களையும் தனித்தனியாக, "பட்டியல் ஒன்று", "பட்டியல் இரண்டு" என்று பெயர் சொல்லி, வரிக்கு ஒன்றாக வையுங்கள். எதிரெதிரே வைத்தால் கேட்பவர் அதையே விடை என்று எடுத்துக்கொள்வார். நான்கு விடைகள் இரண்டிரண்டாக அச்சாகியிருக்கும் இடத்தில் அ, இ, ஆ, ஈ என்று வரிசை மாறி வரும், அதையும் கவனியுங்கள்.

கூகுள் டாக்ஸ் வழியாக வந்த ஃபைல் என்றால் அட்டவணை, நெடுவரிசைப் பிரிவு, அடிக்குறிப்பு எதையும் அது அடையாளம் காண்பது அரிது. படத்தைத் திறந்து எழுத்தாக்கியிருந்தால் அசல் படமும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை நீக்கிவிடுங்கள்.

படங்களுக்கு என்ன எழுதுவது?

பாடத்துக்குத் தேவையானதை மட்டும். வரைபடத்தில் அம்புக்குறி சொல்வதைச் சொல்லுங்கள். அலங்காரத்துக்கு வைத்த குத்துவிளக்கை விட்டுவிடலாம்.

ஆசிரியர் "ஸந்தோஷம்" என்று எழுதியிருக்கிறார். மாற்றலாமா?

கூடாது. அது அவர் நடை. ஒற்று மிகுவதும் மிகாததும் இன்றைய விதிப்படி இல்லை என்றாலும் தொடாதீர்கள். பார்வையுள்ள வாசகர் கடையில் வாங்கிய அதே புத்தகம்தான் பார்வையற்றவர் கைக்கும் போக வேண்டும். நாம் மெருகேற்றிய பதிப்பு அல்ல. அச்சுப் பிழை என்று உறுதியாகத் தெரிந்தாலும் எங்கள் வழக்கம் அப்படியே விடுவதுதான். எழுத்து தலைகீழாக விழுந்தது மாதிரி கோத்தவர் கை தவறியது மட்டும் விதிவிலக்கு. பழைய நூல்களின் கடைசியில் "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் உள்ளவற்றை மட்டும் தாராளமாக உள்ளே திருத்தலாம், அந்தப் பக்கத்தையும் எடுக்காமல் வையுங்கள்.

ஏ.ஐ.-யிடம் கொடுத்தால் நொடியில் திருத்தித் தருகிறதே?

தருகிறது, அதுதான் பயம். மை பரவிப் பாதிச் சொல் மறைந்த இடத்தில், ஓ.சி.ஆர் குப்பையைத் தரும். குப்பை என்று பார்த்தவுடன் தெரியும். ஏ.ஐ. அந்த இடத்தில் பொருத்தமாக ஒரு சொல்லைத் தானே போட்டுவிடும், அது பிழை என்று யாருக்குமே தெரியாது. வட்டார வழக்கை "சரி" செய்யும், நீண்ட வாக்கியத்தை உடைக்கும். சந்தேகமான சொற்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள், அது நல்ல உபயோகம். உரையை மாற்றி எழுத மட்டும் விடாதீர்கள்.

ஸ்கேனே மோசமாக இருந்தால்?

திருப்பி அனுப்புங்கள், தயங்க வேண்டாம். ஸ்கேன் அடர்த்தி 300 டி.பி.ஐ.க்குக் (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைந்திருந்தால், புத்தக முதுகை ஒட்டிய எழுத்துகள் வளைந்து போயிருந்தால், மறு ஸ்கேன்தான் வழி. பொடி எழுத்துக்கு 400 நல்லது. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பிரதியில் யாரோ பேனாவால் அடிக்கோடு இழுத்திருந்தால், வேறு பிரதி கிடைக்கிறதா என்று முதலில் விசாரிப்போம். அடிக்கோடு எழுத்தின் அடியில் ஒட்டினால் ர-வும் காலும் ஒன்றாகிவிடும்.

பதிப்புரிமை உள்ள புத்தகத்தை இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா?

சரி. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 2012 திருத்தம் இதற்கு வழி செய்திருக்கிறது. லாப நோக்கமில்லாமல், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக, அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் மாற்றலாம், பதிப்பாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. பார்வையற்றவர்களுக்கு ஏற்ற வடிவத்தில் புத்தகம் கிடைக்க 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான், 2014-இல்.

இதன் மறுபக்கம், ஃபைல் வெளியே கசியக் கூடாது. முடித்த புத்தகம் மாற்றுத்திறனாளி வாசகர்களுக்கும், 2016-இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா போன்ற அவர்களுக்கான இணைய நூலகத்துக்கும்தான் போக வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நல்ல நாவல், படிச்சுப் பாருங்க" என்று போட்டால் அது சட்டம் தரும் விலக்குக்குள் வராது.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திரையை அணைத்துவிட்டு நடுவிலிருந்து பத்துப் பக்கம் கேளுங்கள். முதல் பக்கங்களை எல்லோரும் நன்றாகத்தான் திருத்துவார்கள். பிறகு என்.வி.டி.ஏ-வில் இன்செர்ட்டோடு எஃப்7 தட்டித் தலைப்புப் பட்டியலை எடுத்து, அச்சுப் பொருளடக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு அத்தியாயம் குறைந்தால் அங்கே ஸ்டைல் போட மறந்திருக்கிறீர்கள், அல்லது ஸ்கேனிலேயே அந்தப் பக்கங்கள் இல்லை. இரண்டாவது என்றால் ஃபைலோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், எந்தப் பக்கங்கள் என்று எண்ணோடு.